பூங்காவில் உட்கார்ந்தாலும் தலைக்குள் அலுவலகம்தான் ஓடுகிறது, என்ன செய்வது?

கடைசிபெஞ்ச் (ஞாயிறு, காலை 8.10)

வணக்கம். இரண்டு மாதமாகத் தூக்கம் சரியில்லை. மன ஆலோசகர் ஒருவரைப் பார்த்தேன். "தினமும் 20 நிமிடம் மரம், செடி இருக்கும் இடத்தில் போய் உட்காருங்கள். போன் வேண்டாம். ஐந்து புலன்களாலும் சுற்றி இருப்பதைக் கவனியுங்கள்" என்றார். மைண்ட்ஃபுல்னெஸ், அதாவது கவனப் பயிற்சியாம். செலவில்லாத வைத்தியம் என்று சந்தோஷமாக ஆரம்பித்தேன்.

இன்றோடு 11 நாள். இணையத்தில் பார்த்த 5-4-3-2-1 முறையைத்தான் செய்கிறேன். காண்பது ஐந்து, தொடுவது நான்கு, கேட்பது மூன்று, முகர்வது இரண்டு, சுவைப்பது ஒன்று. மரம், பெஞ்ச், நாய், வேலி, மேகம்... பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கிற மாதிரி மடமடவென்று முடிந்துவிடுகிறது. ஒரு நாள் கடிகாரத்தைப் பார்த்தேன், 40 வினாடி. மீதி 19 நிமிடம் 20 வினாடியும் மேலாளருக்கு மனத்துக்குள்ளேயே மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருக்கிறேன். நேற்று எழுதியது நன்றாகவே வந்திருந்தது, அனுப்பத்தான் முடியாது.

எனக்கு மட்டும்தான் இப்படியா? எங்கே தப்பு செய்கிறேன்?


மூன்றாம்மாடி (ஞாயிறு, காலை 8.45)

நீங்கள் தனியாள் இல்லை. நான் போன வருடம் இதே மாதிரி ஆரம்பித்து, ஒரு வாரத்தில் பூங்காவிலேயே உட்கார்ந்து வரவு செலவுக் கணக்கு போட ஆரம்பித்துவிட்டேன். பதிலுக்குக் காத்திருக்கிறேன்.


எறும்புத்தடம் (ஞாயிறு, காலை 10.20)

தம்பி, தப்பு என்று எதுவும் இல்லை. கருவிதான் மாறிப்போயிருக்கிறது. 5-4-3-2-1 என்பது பதற்றம் தலைக்கேறும்போது சட்டென்று பிடித்துக்கொள்ளும் கைப்பிடி. படபடப்பு வரும், அதைச் செய்வோம், தரைக்கு இறங்குவோம், அவ்வளவுதான் அதன் வேலை. 20 நிமிடம் உட்கார்வதற்கு அது தாங்காது. 40 வினாடியில் முடிந்தால் அது சரியாகத்தான் வேலை செய்கிறது.

நான் பதினாறு வருடமாகச் செய்வதைச் சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒரே புலன். அதிலும் தொடுதலில் ஆரம்பியுங்கள். கண்ணில் ஆரம்பித்தால் மனம் குறுக்கே புகுந்துவிடும். "மரம்" என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு, பார்த்தாயிற்று, அடுத்தது என்று கிளம்பிவிடும். தோலுக்கு அந்த அளவு சொல்வளம் கிடையாது. அதுதான் வசதி.

மரப்பட்டையில் உள்ளங்கையை வையுங்கள். தடவ வேண்டாம், வைத்தால் போதும். முதலில் "சொரசொரப்பு" என்று ஒற்றைச் சொல் வரும். அதோடு எடுத்துவிடாதீர்கள். கொஞ்ச நேரத்தில் அந்தச் சொரசொரப்பு பிரிய ஆரம்பிக்கும். வெடிப்பின் விளிம்பு கட்டைவிரலில் குத்தும். வெடிப்புக்குள்ளே லேசான ஈரம் இருக்கும். வெயில் படும் பக்கம் வெதுவெதுப்பு, கையைச் சுற்றிக் கொண்டுபோனால் நிழல் பக்கம் சில்லிப்பு. எங்கோ ஓர் இடத்தில் பட்டை கழன்று, விரல் பட்டால் ஆடும். இதற்குள் ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அப்புறம் ஒன்று நடக்கும்: கை அசையாமலே இருந்தால் தொடுவுணர்வு மங்கிவிடும், மரம் காணாமல் போன மாதிரி இருக்கும். தோலின் இயல்பே அதுதான், மாறாமல் இருப்பதை அது சொல்வதை நிறுத்திவிடும். ஒரே ஒரு விரலை நூலளவு நகர்த்துங்கள். மரம் திரும்பி வரும்.

இடையில் மனம் அலுவலகம் போகும். போகட்டும். போனது தெரிந்ததும் கைக்குத் திரும்புங்கள். எத்தனை தடவை திரும்பினீர்கள் என்று வேண்டுமானால் எண்ணிக்கொள்ளுங்கள், ஆரம்பத்தில் உதவும். போகாமல் இருக்க முயற்சி செய்யாதீர்கள், அது வேறு சண்டை.

(பட்டையில் கை வைக்கும் முன் எறும்பு வரிசை, கம்பளிப்பூச்சி இருக்கிறதா என்று ஒரு பார்வை. என் பெயர்க் காரணம் அதுதான்.)


நிரூபி (ஞாயிறு, பகல் 12.05)

மன்னிக்கவும், குறுக்கே வருகிறேன். மரத்தைத் தொட்டால் மனம் சரியாகும் என்பதற்கு ஆதாரம் என்ன? "இயற்கை நல்லது" என்று எல்லோரும் சொல்கிறோம். நல்ல காற்று, கொஞ்சம் நடை, போன் இல்லாத 20 நிமிடம். இவ்வளவும் சேர்ந்து வரும்போது எது வேலை செய்தது என்று எப்படித் தெரியும்?


வெண்பலகை (ஞாயிறு, மாலை 4.30)

நியாயமான கேள்வி. ஓய்வு பெற்ற ஆசிரியன் நான், கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் மேற்கோள் காட்டுவது ரோஜர் உல்ரிக் 1984இல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை. பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களில் சிலருடைய அறைச் சன்னலுக்கு வெளியே மரங்கள், சிலருக்குச் செங்கல் சுவர். 1972 முதல் 1981 வரையிலான பதிவுகளிலிருந்து 23 ஜோடி நோயாளிகளை ஒப்பிட்டார். மரம் தெரிந்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள், வீரியமான வலி மருந்துகளைக் குறைவாக எடுத்துக்கொண்டார்கள். இங்கே நடை கிடையாது, காற்று கிடையாது. படுத்த இடத்திலிருந்து பார்வை மட்டும்தான். ஆனால் 46 பேர்தான், அதையும் மறக்கக் கூடாது.

2015இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 38 பேரை 90 நிமிடம் நடக்கவிட்டார்கள். பாதிப் பேர் மரங்களுள்ள புல்வெளியில், பாதிப் பேர் வாகன நெரிசலுள்ள சாலையோரத்தில். நடை இரு தரப்புக்கும் பொது. ஒரே எண்ணத்தைத் திரும்பத் திரும்ப அசைபோடும் பழக்கம் புல்வெளியில் நடந்தவர்களிடம் குறைந்தது. அதோடு தொடர்புடைய மூளைப் பகுதியின் செயல்பாடும் குறைந்தது. நம் கடைசிபெஞ்ச் எழுதும் மின்னஞ்சல் இந்த அசைபோடும் வகைதான்.

2019இல் இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரின் பதில்களை வைத்து ஒரு கணக்கு வந்தது. வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கையான இடத்தில் கழித்தவர்கள், போகவே போகாதவர்களைவிட அதிக அளவில் "நலமாக இருக்கிறேன்" என்று சொன்னார்கள். ஒரே நாளில் போனாலும் பிரித்துப் பிரித்துப் போனாலும் வித்தியாசமில்லை. ஆனால் உடம்பு நன்றாக இருப்பவர்கள்தானே வெளியே அதிகம் போவார்கள்? அந்த முடிச்சை இந்த ஆய்வு அவிழ்க்காது.


நிரூபி (ஞாயிறு, மாலை 5.15)

நன்றி ஐயா, எதிர்பார்த்ததைவிட நேர்மையான பதில். ஆனால் ஒன்று கவனித்தீர்களா, மூன்றிலுமே யாரிடமும் "புலன்களைக் கவனி" என்று சொல்லவில்லை. வெறுமனே மரத்துப் பக்கம் விட்டார்கள். அப்படியானால் எறும்புத்தடம் அக்கா சொல்லும் பயிற்சி எதற்கு? சும்மா உட்கார்ந்தாலே போதுமே.


வெண்பலகை (ஞாயிறு, இரவு 7.40)

பிடித்துவிட்டீர்கள். ஆமாம், இரண்டும் வேறு வேறு. இயற்கையின் பலன் ஒன்று, கவனப் பயிற்சியின் பலன் இன்னொன்று. பின்னதற்கு வேறொரு வரலாறு. ஜான் கபாட்-சின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் நாள்பட்ட வலி உள்ளவர்களுக்காக ஆரம்பித்த வகுப்புதான் இன்றைய மருத்துவமனை மைண்ட்ஃபுல்னெஸுக்கு வேர். அது நடந்தது அறைக்குள்ளே.

இரண்டையும் ஏன் சேர்க்கிறார்கள் என்பதற்கு ரேச்சல், ஸ்டீஃபன் கப்ளான் என்ற உளவியல் தம்பதி சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்தது. கவனத்தில் இரண்டு வகை உண்டு என்கிறார்கள். நாமாக முறுக்கிப் பிடித்து வைத்திருக்கும் கவனம் சீக்கிரம் களைத்துப்போகும். மேகம், இலையசைவு, ஓடும் நீர் போன்றவை கவனத்தை மெதுவாக இழுத்துக்கொள்ளும், ஆனால் முழுவதையும் பிடுங்கிக்கொள்ளாது. அந்த நேரத்தில் முதல் வகை இளைப்பாறுகிறது. அறைக்குள் மூச்சைக் கவனிக்கச் சொன்னால் பலருக்கு அது இன்னொரு வேலையாகிவிடும். வெளியே இலை பாதி வேலையைச் செய்து கொடுக்கிறது.

சும்மா உட்கார்ந்தால் போதுமா என்றால், சிலருக்குப் போதும். ஆனால் 11 நாள் சும்மா உட்கார்ந்து மின்னஞ்சல் எழுதியவர்தானே இந்த இழையையே ஆரம்பித்திருக்கிறார்.

கொசுறாக ஒன்று. 2010இல் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 2,250 பேரிடம் நாளில் எந்த நேரத்திலாவது போனில் குறுக்கிட்டு, "இப்போது செய்யும் வேலையிலா மனம் இருக்கிறது?" என்று கேட்டார்கள். ஏறக்குறைய 47 சதவீதத் தடவை "இல்லை" என்றே பதில். ஆகவே கடைசிபெஞ்ச் சார் ஊரோடு ஒத்துத்தான் வாழ்கிறார்.


பறவைக்கணக்கு (திங்கள், காலை 6.30)

அக்கா, ஒரு சின்ன மறுப்பு. பெயர் போட்டதும் பார்வை நின்றுவிடும் என்கிறீர்கள். எனக்குத் தலைகீழ். பெயர் தெரியாதவரைக்கும் எல்லாமே "ஏதோ குருவி"தான். பெயர் தேட ஆரம்பித்த பிறகுதான் அலகின் வளைவு, கண்ணைச் சுற்றிய வளையம், உட்காரும்போது வாலை ஆட்டுவது எல்லாம் கண்ணில் பட்டன.


எறும்புத்தடம் (திங்கள், காலை 9.00)

சரிதான். ஆனால் பெயர் கிடைத்த பிறகு அதே பறவையை எவ்வளவு நேரம் பார்ப்பீர்கள்?


பறவைக்கணக்கு (திங்கள், காலை 9.12)

...குறிப்பேட்டில் டிக் போட்டுவிட்டு அடுத்த மரம். சரி அக்கா, மாட்டிக்கொண்டேன். இனி மூன்று நிமிடம் பார்த்த பிறகுதான் புத்தகத்தைத் திறப்பது என்று வைத்துக்கொள்கிறேன்.


இரவுப்பணி (திங்கள், மதியம் 2.50)

ஒரு சந்தேகம். எனக்கு முன்பு பீதித் தாக்குதல் வந்திருக்கிறது. கண்ணை மூடி ஒலிகளைக் கேள் என்று ஒரு வகுப்பில் சொன்னார்கள். மூடியதும் என் நெஞ்சுத் துடிப்பு மட்டும்தான் கேட்டது, அதிலிருந்து பயம் ஏறிப் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு இந்தப் பக்கமே வரவில்லை.


எறும்புத்தடம் (திங்கள், மாலை 3.30)

எழுந்து வந்தது சரி. கண்ணை மூடித்தான் ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கண்ணைத் திறந்து வைத்து, பார்வையைத் தொலைவில் விடுங்கள்: மரங்களின் மேல்விளிம்பு, வானம் தொடங்கும் கோடு. உட்காராமல் மெதுவாக நடங்கள், கவனம் பாதத்தில். மணலா, புல்லா, கல்லா, முதலில் பதிவது குதிகாலா, விரலா. உடம்புக்கு உள்ளே பார்ப்பதுதான் உங்களைப் பயமுறுத்துகிறது, வெளியே பார்ப்பதிலேயே இருங்கள். அப்படியும் ஏறினால் நிறுத்திவிட்டு, உங்களைப் பார்க்கும் மருத்துவரிடம் இதை அப்படியே சொல்லுங்கள். விடாப்பிடியாகச் செய்து ஜெயிக்க வேண்டிய விஷயமில்லை இது.


ஒற்றைக்காது (திங்கள், இரவு 9.15)

நீண்ட நாள் வாசகன், முதல் பதிவு.

எனக்கு இடது காது சின்ன வயதிலிருந்தே கேட்காது. இரண்டு காதுகளுக்கும் ஒலி வந்து சேரும் நேரத்தையும் அளவையும் ஒப்பிட்டுத்தான் அது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மூளை கண்டுபிடிக்கிறது. எனக்கு அந்த ஒப்பீடு கிடையாது. பக்கத்தில் யாராவது கூப்பிட்டால் எதிர்ப்பக்கம் திரும்பிப் பார்ப்பேன், வாழ்நாள் முழுக்க இதற்குக் கேலிதான். அதனால் "உங்களைச் சுற்றி எந்தெந்தத் திசையில் என்ன கேட்கிறது, தாளில் வரையுங்கள்" என்ற பயிற்சியைக் கொடுத்தபோது, என் தாளில் எல்லாமே வலது பக்கம் குவிந்து கிடந்தன.

பிறகு திசையை விட்டுவிட்டு, ஒலி எப்போது நிற்கிறது என்று கேட்க ஆரம்பித்தேன். ஒலி தொடங்கும்போது எல்லோரும் கவனிப்பார்கள், முடிவதை யாரும் கவனிப்பதில்லை. காகம் ஒரு கரைச்சலை முடிக்கும்போது கடைசியில் ஒரு சின்னக் கரகரப்பு இருக்கிறது, உங்களுக்குத் தெரியுமா? காற்று நின்ற பிறகும் மேல் இலைகள் கொஞ்சம் பொறுத்துத்தான் அடங்குகின்றன.

சென்ற மாதம் மரத்தடியில் இருந்தபோது மழை பிடித்தது. (இடி இல்லாத மழை. இடி கேட்டிருந்தால் மரத்தடியில் நின்றிருக்கவே கூடாது, உடனே கட்டடத்துக்குள் போய்விட வேண்டும்.) முதல் சொட்டுகள் காய்ந்த சருகில் விழும்போது ஒவ்வொன்றும் தனித்தனி. டக். கொஞ்சம் இடைவெளி. டக், டக். எண்ண முடிந்தது, பதினேழு வரை எண்ணினேன். பிறகு எண்ண முடியவில்லை. எந்தச் சொட்டில் அது "சொட்டுகள்" என்பதிலிருந்து "மழை" ஆயிற்று என்று பிடிக்கப் பார்த்தேன், தவறவிட்டுவிட்டேன். இன்னொன்று: சருகு நனைய நனைய ஒலி இறங்கிவிடுகிறது. மழை வலுத்துக்கொண்டே போகிறது, ஆனால் தரையின் டக் மட்டும் மழுங்கி மழுங்கிப் போகிறது. இதற்கு ஒரு காதே போதும்.


வெண்பலகை (செவ்வாய், காலை 7.00)

ஐயா, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன்.

மழை என்றதும் மண்வாசனைக்கு வந்துவிடுகிறேன், ஆசிரியர் புத்தி. அந்த வாசனையில் பெரும் பங்கு ஜியோஸ்மின் என்ற பொருளுக்கு. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை நுண்ணுயிர்கள் செய்வது. சொட்டு காய்ந்த மண்ணில் விழும்போது அடியில் காற்று சிக்கி, குமிழியாக மேலேறி, சோடாவில் நுரை வெடிப்பதுபோல வெடித்து, வாசனையைக் காற்றில் தெளிக்கிறது. நம் மூக்கு ஜியோஸ்மின் விஷயத்தில் அபாரக் கூர்மை, லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே கண்டுபிடித்துவிடும். ஆனால் மூக்கு சீக்கிரம் பழகிவிடும் புலன். விடாமல் இழுத்துக்கொண்டிருந்தால் சில நிமிடத்தில் ஒன்றும் தெரியாது. நாய் மாதிரி சின்னச் சின்னதாக முகர்ந்துவிட்டு, நடுவில் உங்கள் சட்டைக் கையை முகர்ந்துகொண்டு மறுபடி திரும்புங்கள்.

தொடுதலில் ஆரம்பியுங்கள் என்று எறும்புத்தடம் அம்மா சொன்னது எனக்கு வேறொன்றை நினைவூட்டியது. தொல்காப்பியம் உயிர்களை அடுக்கும்போது முதல் அறிவு தொடுதல். அப்புறம் நாக்கு, மூக்கு, கண், செவி, ஆறாவதாகத்தான் மனம். புல்லும் மரமும் ஓரறிவு உயிர்கள். நாம் ஆறாவதில் உட்கார்ந்துகொண்டு அங்கிருந்தே மரத்தைப் பார்க்கிறோம். கை வைக்கும்போதுதான் மரத்தின் வகுப்புக்கு இறங்குகிறோம் போலிருக்கிறது.


மூன்றாம்மாடி (செவ்வாய், காலை 8.20)

சுவையை யாருமே தொடவில்லையே? அப்புறம், முழங்கால் வலி. வாரத்தில் பாதி நாள் கீழே இறங்க முடியாது. சன்னல்தான் கதி. எனக்கு ஏதாவது உண்டா?


எறும்புத்தடம் (செவ்வாய், காலை 9.05)

சுவையை வேண்டுமென்றேதான் விட்டேன். தெரியாத இலையையோ காயையோ வாயில் வைக்கக் கூடாது. பயிற்சிக்காக விஷம் சாப்பிட்டவர் என்ற பெயர் வேண்டாம். வாயைக் கொஞ்சம் திறந்து காற்றை உள்ளே விடுங்கள், மழைக்கு முன்னும் பின்னும் அது வேறாக இருக்கும். அது போதும்.

சன்னல் தாராளமாகப் போதும். வெண்பலகை ஐயா சொன்ன மருத்துவமனை நோயாளிகளுக்கு அதுதானே கிடைத்தது. முடிந்தால் திறந்து வையுங்கள், கை மணிக்கட்டு வரையாவது வெளியே போகட்டும். மணிக்கட்டின் உட்பக்கத்தில் காற்று படும்போது கவனியுங்கள். ஒரே கிளையை ஒரு மாதம் பாருங்கள். சாயங்காலம் விளக்கை அணைத்துவிட்டு இருட்டிலும் பாருங்கள். கண் முழுதாக இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடம் ஆகும், அந்த நேரத்தில் கிளை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருவதைப் பார்க்கலாம். நடுவில் போனை எடுத்தால் மறுபடி முதலிலிருந்து.


நிரூபி (புதன், இரவு 10.00)

சொல்லக் கூச்சமாக இருக்கிறது. இன்று பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது நிழல்மரத்தில் கை வைத்தேன். ஆதாரம் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் பட்டை ஆடியது. எறும்புத்தடம் அக்கா சொன்ன மாதிரியே, ஒரே ஓர் இடத்தில்.


கடைசிபெஞ்ச் (வியாழன், காலை 7.55)

எல்லோருக்கும் நன்றி. நான்கு நாள் அறிக்கை இதோ.

திங்கள்: கையை வைத்தேன். அலுவலகத்துக்கு 31 தடவை போய் வந்தேன். செவ்வாய்: 26. புதன்: 34, அன்று ஒரு கூட்டம் இருந்தது. தூக்கத்தில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை, பொய் சொல்ல மாட்டேன்.

இன்று மரத்துப் பக்கம் ஈரமாக இருந்ததால் பெஞ்சிலேயே உட்கார்ந்து பலகையில் கை வைத்தேன். சுண்டுவிரல் பக்கத்தில் ஓர் எறும்பு, தன்னைவிடப் பெரிய ஏதோ ஒரு இறக்கையைத் தூக்கிக்கொண்டு வந்தது. காற்று அடித்தால் இறக்கை பாய்மரம் மாதிரி அதைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. எறும்பு நின்று, ஆறு காலையும் அகட்டி, காற்று ஓய்ந்ததும் மறுபடி நடக்கிறது. பலகையின் இடுக்கு வந்ததும் இறக்கை குறுக்கே மாட்டிக்கொண்டது. எறும்பு மறுபக்கம் போய்ப் பின்னோக்கி நடந்து இழுத்தது. என் விரலை ஒரு தடவை மோதிப் பார்த்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போயிற்று, மிக லேசான கூச்சம்.

எழுந்து பாதி வழி வந்த பிறகுதான் நினைவு வந்தது, இன்று எண்ண மறந்துவிட்டேன்.


எறும்புத்தடம் (வியாழன், காலை 8.10)

இறக்கை இடுக்கைத் தாண்டியதா?


கடைசிபெஞ்ச் (வியாழன், காலை 8.14)

பாதி தாண்டியது. அதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அக்கா.